வாங்காத போனும் வாய் கொள்ளாச் சிரிப்பும்

அந்த வட்டாரத்தில் வாஷிங் மெஷின் பாதியில் நின்றுபோனால் யாரும் பெயர் சொல்லி ஆளைத் தேடுவதில்லை. மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்ப்பார்கள். அதில் ஒரு ஸ்பானர் படமும் ஒரு போன் நம்பரும் இருக்கும். அதை அடித்து, “மெக்கானிக்கா? தண்ணி உள்ளேயே நிக்குதுங்க” என்பார்கள். ஸ்டிக்கரில் பெயர் கிடையாது. கல்யாணமான புதிதில் மனைவி அதைக் கேட்டபோது, “பேரா வந்து பெல்ட் மாத்தப் போகுது?” என்று சொன்ன மனிதர் அவர். இன்றைக்கு பிரிட்ஜுகளின் முதுகிலும், மாடிப்படிச் சுவர்களிலும், சலவைக் கடைக் கதவிலும் அந்த நம்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனைவியே நாலு பேர் முன்னால் அவரை “எங்க மெக்கானிக்” என்றுதான் சொல்வாள்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனிதர். கை சுத்தம், வேலை சுத்தம். வயிற்றெரிச்சல் ஒன்றுதான் குறை. அதுவும் எல்லார் மேலும் கிடையாது. பெரிய பெரிய வீடுகளுக்குள் போய், ஆள் உயர பிரிட்ஜைத் திறந்து வேலை பார்த்துவிட்டு, ஒரு பெருமூச்சுகூட விடாமல் திரும்பி வருவார். இருக்கிற எரிச்சலை எல்லாம் ஒரே ஆளுக்காகச் சேர்த்து வைத்திருந்தார். அந்த ஆள் அவருடைய சகலை.

சகலை, மெக்கானிக் மனைவியின் தங்கையைக் கட்டியவர். விசேஷங்களுக்கு நாற்காலி, மேசை வாடகைக்கு விடுகிற தொழில். வயதில் இளையவர் என்பதால் “அண்ணே, அண்ணே” என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அந்த ‘அண்ணே’யைக் கேட்டாலே மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வரும். சகலை சோபா வாங்கியபோது மெக்கானிக்குக்கு இடுப்பு வலித்தது. சகலை பல் கட்டிக்கொண்டபோது மெக்கானிக் ஒரு வாரம் சிரிக்கவில்லை. இந்த வயதிலும் அந்த ஆளுக்குத் தலைமுடி கொட்டவில்லையே, அதை மட்டும் அவரால் மன்னிக்கவே முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு. சாப்பாட்டு மேசையில், தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில், சகலையின் புது போன் இருந்தது. கறுப்பாக, மெல்லிசாக, முகம் பார்க்கலாம் போல. மெக்கானிக் அதைப் பார்க்காத மாதிரியே சாப்பிட்டார். பாழாய்ப்போன மனைவி பார்த்துவிட்டாள்.

“அடேயப்பா, என்ன பளபளப்பு! எங்க வீட்டுல ஒண்ணு இருக்கே, பின்மூடி கழண்டு விழுதுன்னு ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்காரு.”

மேசையே சிரித்தது. மச்சினி, “சும்மா இரு அக்கா, பாவம் மாமா” என்று சொல்லிக்கொண்டே அவளும் சிரித்தாள். சகலை மட்டும் போனை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். “அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, சும்மா வாங்கினேன்” என்றார்.

சும்மா வாங்கினானாம்! மெக்கானிக்குக்கு அதற்குப் பிறகு ஒரு வாய்கூட இறங்கவில்லை. பீற்றிக்கொண்டிருந்தாலாவது மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கலாம்.

மறுநாள் ஒரு கம்ப்ரெஸர் வேலையை முடித்துக்கொண்டு வரும்போது வண்டி தானாகவே போன் கடை முன்னால் நின்றது. வாங்குகிற எண்ணம் கிடையவே கிடையாது. அவருக்கு வேண்டியதெல்லாம், ‘எனக்கும் தர்றேன்னாங்க, நான்தான் வேண்டாம்னுட்டேன்’ என்று சகலையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆகவே கடைக்காரர்கள் நிஜமாகவே தருகிறேன் என்று சொல்ல வேண்டும், இவர் நிஜமாகவே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இப்படி ஒரு யோசனை அந்த ஒரு மண்டையில்தான் முளைக்கும்.

விற்பனைப் பையன் தேனாகப் பேசினான். “தவணையில எடுத்துக்கலாம் சார். ரெண்டு வருஷ ஒப்பந்தம். உங்களுக்குத் தகுதி இருக்கான்னு சிஸ்டமே சொல்லிடும். சும்மா பார்க்கலாமே?”

“சும்மாதானே?”

“சும்மாதான் சார். இதுல கட்டைவிரலை வைங்க.”

வைத்தார். தகுதி உண்டு என்று வந்தது. மெக்கானிக்கின் நெஞ்சு இரண்டு விரற்கடை உயர்ந்தது. “கேமரா எப்படின்னு பாருங்க, போன் பெட்டியைக் கையில புடிங்க சார்” என்றான் பையன். பிடித்தார். சகலை முகம் போகிற போக்கை நினைத்துக்கொண்டார். வாய் காதுவரை போய்விட்டது. பையன் படம் எடுத்தான். பிறகு அங்கேயே, பையன் முன்னாலேயே, தன் ரப்பர் பேண்டு போனில் சகலையைக் கூப்பிட்டார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். பையனிடமும் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்தார். அன்றைக்கு அந்த டீயின் ருசியே தனி. வீட்டில் மூச்சுவிடவில்லை.

அடுத்த மாதம் ஒரு குறுஞ்செய்தி வந்தது, தவணை பாக்கி என்று. எவனோ ஏமாற்றுக்காரன் என்று அழித்துவிட்டார். மறுபடி வந்தது, மறுபடி அழித்தார். ஒரு நாள் காலை, ஒரு வீட்டம்மாவைக் கூப்பிட்டு “வழியில இருக்கேன்” என்று சொல்லப் பார்த்தால் போன் போகவில்லை. உங்கள் இணைப்பிலிருந்து அழைக்கும் வசதி நிறுத்தப்பட்டுள்ளது என்று ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது.

இணைப்பு கொடுத்த கம்பெனியின் சேவை அலுவலகத்துக்கு ஓடினார். உள்ளே குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஃபில்டர் அடைத்துக் கிடந்தது அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண் கணினியில் பார்த்துவிட்டு, “போன் வாங்கியிருக்கீங்க சார். இந்த நம்பர் மேலதான் எழுதியிருக்கு, ரெண்டு வருஷ ஒப்பந்தம். தவணை ஒண்ணும் வரல. வெள்ளிக்கிழமையோட உள்ள வர்ற காலும் நின்னுடும். அப்புறம் நம்பரே போயிடும்” என்றாள்.

“நான் வாங்கவே இல்லம்மா!”

“கைரேகை இருக்கே.”

“அது சும்மா வச்சது.”

“போட்டோ இருக்கே.” அவள் திரையை இவர் பக்கம் திருப்பினாள். போன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய, லாட்டரி விழுந்தவன் மாதிரி ஒரு ஆள். “வேணாம்னு சொன்னவரா சார் இப்படிச் சிரிப்பாரு?”

வேண்டாமென்றால் எதற்குக் கடைக்குப் போனீர்கள், எதற்கு விரல் வைத்தீர்கள் என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு உண்மையைத் தவிர வேறு பதில் கிடையாது. அந்த உண்மையைத் தன்னிடமேகூட அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டதில்லை.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. “நான் நம்பறேன் சார். சிஸ்டம் நம்பணுமே. புகார் பதிஞ்சுக்கறேன். அன்னிக்கே நீங்க மறுத்தீங்கங்கறதுக்கு ஏதாவது ஆதாரம் கொண்டாங்க. இல்லேன்னா ஒப்பந்தத்தை ஒத்துக்கிட்டுக் கட்டிடுங்க, நம்பராவது மிஞ்சும்” என்றாள். புகார்ச் சீட்டோடு அந்தப் போட்டோவின் நகலையும் சேர்த்துக் கொடுத்தாள்.

கடைக்குப் போனார். அந்தப் பையன் வேலையை விட்டே போய்விட்டானாம். போனை எடுத்து இவர் பெயரில் எழுதி, வெளியே யாருக்கோ தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். “அவன் செஞ்சதுக்கு நாங்க என்னங்க பண்றது?” என்று முதலாளி கையை விரித்தார்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். துவைக்கப் போடுவதற்கு மனைவி சட்டைப் பையைத் துழாவினாள். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், கூடத்தின் நடுவில் அந்தப் போட்டோவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“எங்க இந்த போன்?”

“எங்கிட்ட இல்ல.”

“அப்ப எவ கையில இருக்கு?”

“ஐயோ, எவ கையிலயும் இல்லடி. நான் வாங்கவே இல்ல. ஏமாத்திட்டாங்க.”

“ஏமாந்தவன் மூஞ்சியா இது? என் பக்கத்துல நின்னு எடுத்த ஒரு போட்டோவுலயாவது இப்படிச் சிரிச்சிருக்கீங்களா? கல்யாண போட்டோவுல பல்லு வலிக்காரன் மாதிரி நிக்கிறீங்க. யாரை நினைச்சுங்க இந்தச் சிரிப்பு?”

உன் தங்கச்சி புருஷனை நினைத்து என்று சொல்லலாம். சொன்னால் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால், ‘அவரைப் பார்த்தா உங்களுக்குப் பொறாமை’ என்று அவள் சொல்லிவிடுவாளே! அதைவிட, எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்றே அவள் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அந்தப் புண்ணியவான் வாயை மூடிக்கொண்டார். அவள் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மேசையில் ‘டக்’கென்று வைப்பாள், அதுதான் பேச்சு. அவர் மெஷின் வேலைக்குப் போகிற வீடுகளின் பெயரையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, “அந்த வீட்டுல பிரிட்ஜு அடிக்கடி கெட்டுப்போகுதோ?” என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள்.

வெள்ளிக்கிழமை நெருங்கியது. மெக்கானிக் போகிற வீட்டிலெல்லாம் தன் ஸ்டிக்கரையே வெறித்துப் பார்த்தார். ஒரு வீட்டில் நாலு வாடகைக்காரர் மாறிவிட்டார்கள், ஸ்டிக்கர் மட்டும் அப்படியே இருந்தது. நம்பர் போனால் வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள். ஊரில் பாதி பிரிட்ஜ் அந்த முகம் தெரியாத ஆளைக் கூப்பிடும். ‘மெக்கானிக்கா?’ என்றால் ‘ராங் நம்பர்’ என்பான். அதோடு தான் செத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டே, ஸ்டிக்கரின் மடங்கிய மூலையை விரலால் அழுத்தி ஒட்டினார். தவணையை ஒத்துக்கொண்டு கட்டிவிடலாமா என்றும் ஒரு நேரம் தோன்றியது. வாங்காத பொருளுக்கு நான் எதற்கடா ஒத்துக்கொள்ள வேண்டும் என்று உடனே ரோஷம் வந்தது.

அன்றைக்கே மறுத்ததற்கு ஆதாரம் என்று அந்தப் பெண் சொன்னாளே, அதை அசைபோட்டுக்கொண்டே ஒரு மெஷினின் அடியில் படுத்திருந்தபோதுதான் பொறி தட்டியது. சகலை! சகலை எல்லா போன் பேச்சையும் பதிவுசெய்து வைக்கிற ஆள். நூறு நாற்காலி கேட்டவர்கள், வண்டி வந்து நின்ற பிறகு, “அறுபதுதானே சொன்னோம்” என்பார்களாம். அதனால் சகலையின் போனில் யார் பேசினாலும் தானாகப் பதிவாகிவிடும். அப்படியென்றால் அன்றைக்குக் கடையிலிருந்து பேசியதும் இருக்கும்.

மெக்கானிக்குக்குச் சந்தோஷம் வரவில்லை. அழுகைதான் வந்தது. போயும் போயும் அவனிடமா கையேந்த வேண்டும்!

வியாழக்கிழமை சகலையின் குடோனுக்குப் போனார். நாற்காலிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. சகலை ஒரு மேசையின் ஆடுகிற காலை முடுக்கிக்கொண்டிருந்தார். திருப்புளியைப் பிடித்த விதமே தப்பு. மற்ற நாளாக இருந்தால் மெக்கானிக்குக்கு அது ஒரு வாரச் சந்தோஷத்துக்குப் போதும். இன்றைக்கு அதைப் பிடுங்கி, தானே முடுக்கிக் கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

சகலை சிரிக்கவில்லை. கேட்டு முடித்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “அந்தப் பயலாண்ணே?” என்றார். பிறகு, “இருக்குண்ணே. அழிக்கல. போட்டுக் காட்டட்டுமா?”

“இங்க வேணாம்! எனக்கு அனுப்பிவிட்டுடு. அந்த வேணாம்னு சொல்ற இடத்தை மட்டும்.”

அது நடக்கவில்லை. சேவை அலுவலகத்தில் கேட்டால், வெட்டி ஒட்டியதை ஏற்க மாட்டோம், பேச்சு பதிவான போனையே கொண்டுவந்து முழுசாகப் போட்டுக்காட்ட வேண்டும் என்றார்கள். ஆக, சகலையே வர வேண்டும். சகலை வருகிறார் என்றதும் மச்சினியும் கிளம்பினாள். மச்சினி வருகிறாள் என்றதும் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டாள். “எவளோட பேசினீங்களோ, அதை என் காதால கேக்கணும்” என்றாள்.

வெள்ளிக்கிழமை கவுண்டர் முன்னால் இவர்கள் நாலு பேரும் நின்றார்கள், பின்னால் வரிசையில் ஒரு கூட்டமே நின்றது. கண்ணாடிக்காரப் பெண் சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னாள். சகலை அந்தப் பளபளப்பான போனை எடுத்து மேடைமேல் வைத்தார். மெக்கானிக்கின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“சகலை! எங்க இருக்கேன்னு சொல்லு பார்ப்போம். போன் கடையில! உன்கிட்ட இருக்கே, அதே போன், இப்ப என் கையில. இந்தா எடுத்துக்கோங்கன்னு கெஞ்சறாங்க. எனக்குத் தகுதி உண்டுன்னு சிஸ்டமே சொல்லிடுச்சு, தெரியுமா?”

நடுவில் பையனின் குரல் வந்தது. “சார், அப்ப பில் போட்டுடவா?”

“வேணாம்ப்பா! வேணாம்னா வேணாம், எத்தனை தடவ சொல்றது? நான் வாங்க வரல. கேட்டியா சகலை? தர்றேன்னாலும் எடுக்க மாட்டேன். நான் உழைச்சுச் சாப்பிடறவன். நாற்காலிய அனுப்பிட்டுக் கால் மேல கால் போட்டு உக்கார்ற பொழப்பு இல்ல.”

“நல்லதுண்ணே. வாங்காதீங்க. தயவுசெஞ்சு வாங்காதீங்கண்ணே.”

கண்ணாடிக்காரப் பெண், போதும் என்று கையைத் தூக்குவதற்குள் கடைசி வார்த்தையும் வந்துவிட்டது. போனை அணைக்கிற அவசரத்தில் அழுத்தத் தவறி, அந்தப் பையனிடம் மெக்கானிக் சொன்னது. “பார்த்தியா தம்பி, வாங்காதீங்கன்னு எப்படிப் பதறறான். வயிறு எரியுது அவனுக்கு.”

வரிசையில் யாரோ ‘களுக்’கென்று சிரித்தார்கள். மெக்கானிக்குக்குக் காது மடல் சுட்டது. பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று தரையைப் பார்த்தார். தரை டைல்ஸ் போட்டுக் கெட்டியாகத்தான் இருந்தது. மனைவி போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பல நாள் இறுக்கம் அவள் முகத்திலிருந்து இறங்கியது.

“அட கடவுளே, இவரை நினைச்சா அந்தச் சிரிப்பு?” என்றாள். “நான் பாட்டுக்கு ஊர்ல இருக்கிற பொம்பளைங்களை எல்லாம் சந்தேகப்பட்டுக்கிட்டு...”

கவுண்டர் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டச்சு செய்தாள். “இதைவிட ஆதாரம் வேணாம் சார். ஒப்பந்தம் ரத்து. நம்பர் உங்களோடதுதான்.” அவள் சொல்லி வாயை மூடவில்லை, சட்டைப் பையில் ரப்பர் பேண்டு போன் அடித்தது. எடுத்தார். “மெக்கானிக்கா? பிரிட்ஜு தண்ணியா கொட்டுதுங்க.” அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. “மெக்கானிக்தான் பேசறேன், தோ வர்றேன்” என்று சொன்ன குரல் தழுதழுத்தது.

அதோடு கிளம்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சகலை நகரவில்லை. அந்தப் பளபளப்பான போனை மேடைமேல் அப்படியே தள்ளி வைத்தார்.

“அம்மா, அப்படியே இதையும் பாருங்க. இதுவும் நான் கேக்காததுதான். அதே கடை, அதே பையன். சார்ஜர் வாங்கப் போனேன், விரலை வைங்கன்னான், வச்சேன். ரெண்டு நாள்ல போன் வீட்டுக்கே வந்துடுச்சு. திருப்பிக் கொடுக்கலாம்னு மேசை மேல எடுத்து வச்சேன். அன்னிக்குன்னு அண்ணனும் அண்ணியும் சாப்பிட வந்துட்டாங்க. அண்ணன் பத்து ரூபா பொருளைக்கூட நாலு தடவ திருப்பிப் பார்த்து வாங்கற ஆளு. அவர் முன்னாடி, என் தலையில கட்டிட்டாங்கன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. சும்மா வாங்கினேன்னு சொல்லிட்டேன். சொன்ன வாய்க்கு இன்னிவரைக்கும் தவணை கட்டிக்கிட்டு இருக்கேன்.”

மச்சினி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மனைவி சிரித்தாள். வரிசையே சிரித்தது. சகலையும் தன் கட்டிய பல் தெரிய, வெட்கப்பட்டுச் சிரித்தார். கண்ணாடிக்காரப் பெண், “உக்காருங்க சார், பார்த்துடலாம்” என்று சகலைக்கு ஒரு நாற்காலியைக் காட்டினாள். இத்தனை நாள் நடையாய் நடந்த மெக்கானிக்குக்கு அவள் நாற்காலி காட்டியதே இல்லை.

‘வாங்காதீங்கண்ணே’ என்று அவன் பதறியது இதனால்தான் என்று மெக்கானிக்குக்குப் புரிந்தது. மனது நெகிழவும் செய்தது. அந்த போனே அவனுடையது இல்லை, அதற்காகவா இவ்வளவு எரிந்தோம் என்று நினைத்தபோது லேசாகவும் இருந்தது. ஆனால் படி இறங்கும்போது மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, “என் தங்கச்சி வீட்டுக்காரர் எவ்வளவு வெள்ளந்தியான மனுஷன் பாருங்க! மனசுல இருந்ததை அப்படியே சொல்லிட்டாரே” என்றாள். போயிற்று. வந்த நெகிழ்ச்சி வந்த வழியே போய்விட்டது.

அடுத்த ஞாயிறு சாப்பாடு மெக்கானிக் வீட்டில். புது போனைத் திருப்பிக் கொடுத்துவிட்ட சகலை, மூலை உடைந்த தன் பழைய போனோடு வந்தார். அதைத் தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஏமாந்த கதையை முதலிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனைவி சகலையின் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள். மெக்கானிக்கும் சிரித்துப் பார்த்தார். வரவில்லை.

இத்தனை நாள் செத்துப் பிழைத்தும் தன் அசட்டுத்தனத்தை வெளியே சொல்ல முடியாமல் இவர் விழுங்கிக்கொண்டிருக்க, அவன் தன்னுடையதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டு எல்லாரையும் கைக்குள் போட்டுக்கொள்கிறான்! மேசைமேல் கிடந்த அந்த உடைந்த போனை அவர் பார்த்தார். வயிறு எரிந்தது.